விரதக்காரன் தோட்டத்து நத்தை

போன டிசம்பரில், எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சமய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் தயிர் டப்பாவில் கத்தரி நாற்று வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "நேத்து ராத்திரி மட்டும் எங்க வீட்டுத் தோட்டத்துல 23 நத்தைய உப்பு போட்டு முடிச்சேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பத்து வயசு இருக்கும்.

"அண்ணா, நீங்க தைப்பூச விரதம்தானே?"

"ஆமாம்."

"அப்ப நத்தைய கொன்னா விரதம் முறிஞ்சிருமா?"

"நல்ல கேள்வி, அடுத்த வாரம் பேசுவோம்" என்றேன். பதில் தெரியாத வாத்தியார் எல்லாரும் சொல்வதுதான். அடுத்த வாரம் நான் பேசவில்லை, அவனும் மறந்துவிட்டான். எனக்குத்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்தைப் பற்றி. நம் நாட்டுத் தமிழில் 'தோட்டம்' என்றால் பெரியவர்களுக்கு எஸ்டேட்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அது செம்பனையாக மாறிய பிறகும் அங்கேயே வேலை செய்தவர். இப்போது அவருடைய தோட்டம் எங்கள் கார்னர் வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் பத்தடி அகல மண். கத்தரி, வெண்டை, பயற்றங்காய், பச்சை மிளகாய், ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, வேலி ஓரம் பாண்டான், செரை. யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் "வசந்தம் வந்துவிட்டது, விதை போடுங்கள்" என்கிறார்கள். நமக்கு வசந்தம் என்றால் சிங்கப்பூர் தொலைக்காட்சிதான். இங்கே இருப்பது மழை, இன்னும் அதிக மழை. அந்த அதிக மழைக் காலத்தில்தான் பாட்டி புது நாற்று வைப்பார். அதே காலத்தில்தான் நத்தையும் வெளியே வரும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் எடுப்பவனுக்கு விரதமும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். மூன்றும் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டன.

இது சின்ன நத்தை இல்லை. ஓடு மட்டுமே கை விரல் நீளம் வரும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து மனிதர்களால் உலகம் முழுக்கப் பரவியது. 1847-ல் மொரீஷியஸில் இருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டதில் இருந்துதான் இந்தப் பக்கம் அதன் கதை ஆரம்பம். ஒரே நத்தைக்குள் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஒரு தடவைக்கு 100, 200 முட்டைகூட இடும். மூளைக்காய்ச்சல் தரக்கூடிய எலிப் புழுவை உடம்பில் சுமக்கும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. ராத்திரி வைத்த நாற்று காலையில் குச்சியாக நிற்கும்.

இதை எல்லாம் படித்துவிட்டு, "பாட்டி, இது இந்த ஊரு பிராணியே இல்ல, வெளிய இருந்து வந்தது. அழிச்சாதான் நல்லது" என்று ஒரு நாள் விளக்கினேன்.

பாட்டி மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டே, "நம்மள மாதிரியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 'வந்தேறி' என்று யாராவது நம்மைச் சொன்னால் ராத்திரி எல்லாம் ஃபேஸ்புக்கில் சண்டை போடுகிறவன் நான். வெளியிலிருந்து வந்த உயிரினம் ஊர் மண்ணுக்குக் கெடுதல் என்பது அறிவியல்படி பல இடங்களில் உண்மைதான். அது வேறு, மனிதர்களைப் பேசுவது வேறு. ஆனால் ஒன்றைக் கொல்வதற்கு முன்னால் 'அது நம்மைச் சேர்ந்தது இல்லை' என்று சொல்லிக்கொண்டால் கொல்வது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் கருவேப்பிலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். அதன் புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர வளரப் பச்சையாகிவிடும். இரண்டு வாரத்தில் செடியை மொட்டை அடித்துவிடும். ஆனால் தங்கச்சி அதைத் தொடவிட மாட்டாள். "அது பட்டர்ஃப்ளை ஆவும்ணா." சரி என்று விட்டுவிடுவோம். கருவேப்பிலைக்குப் புழு செய்வதும் கத்தரிக்கு நத்தை செய்வதும் ஒன்றேதான். ஒன்றுக்கு மட்டும் எங்கள் வீட்டில் அபயம், காரணம் அதற்குப் பின்னால் இறக்கை முளைக்கும். அழகுக்குக் காட்டும் கருணையைக் கருணை என்று சொல்லலாமா? எனக்குச் சந்தேகம்தான்.

கொசுப் புழு விஷயத்தில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரா வாரம் கவிழ்ப்பேன், நூற்றுக்கணக்கில் சாகும். அப்பா டெங்கியில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஏடிஸ் வளரவிட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. இதில் விரதம் முறியும் என்று யாராவது சொன்னால், முறியட்டும் என்று போய்விடுவேன். ஆகவே 'ஓர் உயிரையும் கொல்லவே கூடாது' என்ற கட்டத்தில் நான் இல்லை. நிற்கிறேன் என்று சொன்னால் அது பொய். அப்படியானால் எதைக் கொல்லலாம், எப்படி, யார் கையால்? பையன் கேட்டது இந்தக் கேள்விதான்.

'யார் கையால்' என்பதில்தான் நான் முதலில் வழுக்கினேன். வகுப்பு முடிந்து வந்த அன்றைக்கே பாட்டியிடம் போய், "நான் விரதம் பாட்டி. தைப்பூசம் வரைக்கும் நத்தைய நீங்க பாத்துக்குங்க" என்றேன்.

"ஓ. உன் விரதத்துக்கு நான் பாவம் சுமக்கணுமா?"

"இல்ல பாட்டி, நீங்க எப்பவும் செய்யறதுதானே..."

"நான் செய்யறது வேற ராசா. நீ என்னைச் செய்யச் சொல்றது வேற."

பாட்டி படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. பதஞ்சலியின் யோக சூத்திரம் அவருக்குத் தெரியாது. ஆனால் அதில் இதே விஷயம் இருக்கிறது. ஹிம்சை மூன்று வகை என்கிறது: நாமே செய்தது, பிறரைக்கொண்டு செய்வித்தது, யாரோ செய்ததற்குச் சரி என்று இருந்துவிட்டது. மூன்றும் கணக்கில் சேரும். வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாங்கித் தின்பவனை விட்டுவைக்கவில்லை. தின்பதற்காக வாங்க ஆள் இல்லையென்றால் விற்கவும் ஆள் இருக்காது என்பது அவர் வாதம். இதைப் பேச்சுப் போட்டியில் நானே மூன்று முறை முழங்கி இருக்கிறேன், ஒரு முறை கிண்ணமும் வாங்கினேன்.

இப்படி ஆனதும் எனக்கு ஓர் 'ஐடியா' வந்தது. நானும் கொல்ல வேண்டாம், பாட்டியும் கொல்ல வேண்டாம். கடையில் நத்தை மருந்து விற்கிறது, நீல நிறத்தில், பச்சரிசி மாதிரி சின்னச் சின்ன உருண்டை. ராத்திரி தூவிவிட்டால் நத்தை தானாக வந்து தின்று, எங்கேயோ போய்ச் செத்துவிடும். என் கண்ணில் படாது. பாட்டிக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் மருந்து என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது என்று தெரியும், ஏன் என்று மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மக்சிக்கின் பூனை செத்தது.

ஆரஞ்சு நிறப் பூனை. இந்த நாட்டில் ஆரஞ்சுப் பூனைக்கெல்லாம் ஒரே பேர்தான், ஓயேன். எங்கள் கத்தரிப் பாத்தியில் வந்து படுக்கும், பாட்டி விரட்டுவதுபோல விரட்டுவார், அது போவதுபோலப் போகும். காலையில் எச்சில் வடிய நடுங்கிக்கொண்டிருந்ததாம், கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், மதியம் முடிந்துவிட்டது. எங்கேயோ விஷம் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மக்சிக் இதைச் சொல்லும்போது நான் இந்தப் பக்கம் நின்று "காசியான் மக்சிக்" என்றேன். அவர் போன பிறகு உள்ளே வந்து அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கடைசி வரிக்கு மேல், மெட்டால்டிஹைட் என்று போட்டு, வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆபத்து என்று எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். மேனுவலைப் படிக்காமல் மெஷினைத் தொடாதே என்பதுதான் வர்க்‌ஷாப்பில் எங்களுக்கு முதல் பாடம்.

அன்று ராத்திரி பாட்டியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையை நீட்டி நகத்தைக் காட்டினார். இரண்டு நகம் கோணல்மாணலாக இருக்கும், பிறவியிலேயே அப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செம்பனைக்கு மாறிய பிறகு பாட்டிக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் டாங்கி, கையில் குழாய், மூக்கில் ஒரு துணி. என்ன மருந்து என்று கேட்டால் தெரியாது, "புல்லு கருகிப் போவும்" என்று மட்டும் தெரியும். மூக்கில் ரத்தம் வரும், நகம் கழன்று விழும், மறுநாள் மறுபடி போவார்கள். அவருடன் அடித்தவர்களில் பெரும்பாலும் நம் பெண்கள்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002-ல் தடை செய்ய முடிவெடுத்து, 2006-ல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுசாகத் தடை செய்தது. பாட்டி அடித்தது அதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

"மருந்து வாங்குறவன் எவனும் வெயில்ல வந்து நிக்க மாட்டான்டா" என்றார். அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். ஆபத்து என்று ஒன்று இருந்தால், முதலில் அதை இல்லாமல் ஆக்கப் பார். முடியாவிட்டால் குறைந்த ஆபத்தான ஒன்றை அந்த இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் நடுவே தடுப்புப் போடு. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. கையுறை, முகமூடி எல்லாம் கடைசி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து 'ஏ' வாங்கினேன். பாட்டிக்குக் கிடைத்தது அந்தக் கடைசிப் படிகூட இல்லை. நானோ நேராக விஷத்தில் ஆரம்பித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் தர்மவியாதர் கதையைச் சொல்ல வேண்டும். மகாபாரதம் வன பர்வத்தில் வருவது. கோபப் பார்வையால் ஒரு கொக்கைச் சாகடித்த கௌசிகர் என்ற பிராமணர், தர்மம் கற்க மிதிலைக்குப் போகிறார். அங்கே பாடம் சொல்பவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். அவர் சொல்வது: உழவு நல்ல தொழில் என்கிறோம், ஏர் ஓடும்போது மண்ணுக்குள் எத்தனை உயிர் சாகிறது பார். விதைக்கும் உயிர் உண்டு. நடந்தால் காலடியில் உயிர். உலகத்தில் ஹிம்சை செய்யாதவன் என்று ஒருவனும் இல்லை.

இதுவரைக்கும்தான் நம் பையன்களுக்குத் தெரியும். என் ஹாஸ்டல் ரூம்மேட் இதை மேற்கோள் காட்டிவிட்டு, "அப்ப எல்லாம் ஒண்ணுதான், வாடா சிக்கன் ரைஸ் சாப்பிடலாம்" என்பான். ஆனால் வியாதர் அங்கே நிறுத்தவில்லை. அஹிம்சையில் ஊன்றிய துறவிகள்கூட ஹிம்சை செய்யத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் எடுக்கும் முயற்சியால் அது குறைகிறது என்கிறார். எனக்கு இந்த 'முயற்சியால் குறைகிறது' என்பதில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. முழுசாக முடியாது என்பது, பாதிகூட வேண்டாம் என்பதற்குச் சாக்கு ஆகாது. உராய்வு இல்லாத மெஷின் உலகத்தில் இல்லை, அதற்காக யாரும் எண்ணெய் போடாமல் விடுவதில்லை.

நம் வீட்டுச் சாஸ்திரத்திலும் இது உண்டு. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் என்று வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாக மனு ஸ்மிருதி சொல்கிறது. அந்த நூலில் நான் ஏற்காதது நிறைய உண்டு, இது எனக்குப் பிடித்த இடம். சமைக்கிறவரும் பெருக்குகிறவரும் தெரியாமல் கொன்றுகொண்டே இருக்கிறார்கள், அதற்கு ஈடாகத் தினமும் சில கடமைகள், பிற உயிர்களுக்குச் சோறு வைப்பது உட்பட. சமைக்காதே, பெருக்காதே என்று சொல்லவில்லை. நீ செய்வதைத் தெரிந்துகொண்டு செய் என்கிறது. பச்சரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கு விட்ட நம் பாட்டிமார்களுக்கு இது வாழ்க்கை. பெயிண்டில் கோலம் ஒட்டி வைத்திருக்கும் நமக்கு இது தகவல்.

விரதத்தில் நான் தின்ற காய்கறியையும் யோசித்தேன். வீட்டில் விளைந்தது வாரத்துக்கு இரண்டு நாள் வரும். மீதி பசாரில் வாங்கியது, பெரும்பாலும் கேமரன் மலையில் இருந்து வருவது. ஓட்டை ஒன்றுகூட இல்லாத கோபிஸ். ஓட்டை இல்லை என்றால் அங்கே யாரோ எதையோ தெளித்திருக்கிறார்கள், எத்தனையோ புழு செத்திருக்கிறது, தெளித்தவர் நகம் எப்படி இருக்கிறதோ. என் தட்டில் மீன் இல்லை என்பதால் நான் 48 நாளும் கொல்லாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாக்கைக் கட்டுவது பெரிய விஷயம், அடுத்த வருஷமும் எடுப்பேன். தட்டை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடுகிறோம் என்றுதான் சொல்கிறேன்.

பிறகு தோட்டத்தில் நாங்கள் செய்தவை சாதாரணம். பாக்கெட்டில் மீதி இருந்ததைக் கட்டி வைத்து, தூவியதைப் பொறுக்கி எடுத்தேன், டார்ச் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றினோம், ராத்திரி மண் காய்ந்து இருந்தால் நத்தைக்கு நடமாட்டம் கஷ்டம். சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்த பழைய பலகை, உடைந்த தொட்டி எல்லாம் அதற்குப் பகல் வீடு, அதை அகற்றினோம். நாற்றுத் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, காலைச் சுற்றிச் செப்பு டேப் ஒட்டினேன். முட்டை ஓடு, சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்தோம், ஒரு மழைக்குப் பிறகு அது பெரிசாக வேலை செய்யவில்லை. பாட்டி மூலையில் பப்பாளித் தோலைப் போட்டு வைப்பார், அதற்கு வந்து கூடும். ஒன்பது மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குவோம். 23 இருந்த இடத்தில் ஆறு, ஏழு என்று வந்தது. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் நீர் விடுவதைவிடப் பயிரைக் காப்பது பெரிது என்று வைத்திருக்கிறார். காப்பது என்றால் இவ்வளவு வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. விஷம் தூவ இரண்டு நிமிஷம்தான் ஆனது.

அந்த ஆறு, ஏழை என்ன செய்வது? அடுத்த தெருப் புல்வெளியில் விடலாம் என்று முதலில் நினைத்தேன். அது இன்னொருவர் கத்தரிக்கு அனுப்பி வைப்பதுதான். உப்பு வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். "அது எவ்ளோ நேரம் நுரைச்சிக்கிட்டு துடிக்குதுன்னு நின்னு பாத்திருக்கியா?" இல்லை, நான் உப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் செய்வது ஒரே அடி, அம்மிக் குழவி மாதிரி ஒரு கல்லால். அடிக்கும்போது "முருகா" என்பார். பிறகு வாழை அடியில் புதைப்பார். விரதத்தில் மீதி இருந்த 19 நாளும் கல்லை நான் வாங்கிக்கொண்டேன். அப்படிச் செய்தது சரியா என்று குருக்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். முதல் நாள் கை நடுங்கியது, பத்தாம் நாள் நடுங்கவில்லை, அது எனக்கு இன்னும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் மக்சிக் வீட்டுக்குப் போனேன். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு 272 படி ஏறும்போது இதையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது என்று தோன்றியது. நீல மருந்தைப் பற்றிச் சொன்னேன், என் அரைகுறை மலாயில். கிளினிக் செலவைக் கொடுக்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "தாக் அபா" என்று சொல்லி, பணம் வாங்காமல் கதவைச் சாத்தினார். பரவாயில்லை என்று அர்த்தம், ஆனால் குரலில் அது இல்லை. வழக்கமாக நாங்கள் கத்தரிக்காய் கொடுத்தால் தட்டு குயே-யோடு திரும்பி வரும். அதற்குப் பிறகு ஒரு மாசம் தட்டே திரும்பவில்லை. பாட்டி எதுவும் சொல்லாமல் வேறு தட்டில் காய் அனுப்பிக்கொண்டே இருந்தார். மார்ச் மாசம் ஒரு நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மீன் கறிக்குக் கருவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டார். புழு தின்றது போக இருந்ததைப் பறித்துக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை அந்தப் பையனை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ கேட்டியே, நத்தை" என்று ஆரம்பித்தேன். பூனையைப் பற்றியும் சொன்னேன். விரதம் முறிஞ்சிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலடா, ஆனா நான் தப்புப் பண்ணது உப்பு போட்ட அன்னிக்கு மட்டும் இல்ல என்றேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, முட்டையா இருக்கும்போதே எடுத்துட்டா?" என்றான்.

நத்தை முட்டை ஜவ்வரிசி மாதிரி மண்ணுக்குள் குவியலாக இருக்கும். அதுவும் உயிர்தானே என்று நான் இழுத்தேன். "அப்ப, நத்தை முட்டை போடறதுக்கு முன்னாடி?" என்றான் அவன். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், இடத்தைக் காட்டுங்கள் என்றான். பாட்டி இன்னொரு ஜோடிக் கையுறை எடுத்து வைத்தார், அவன் கைக்கு அது ரொம்பப் பெரிசு.